கோட்டுக்கு அடியில் மாட்டிய சட்டை

கோயிலுக்குள் போகும் ஆண் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். இது எனக்குத் தெரியாத காரியமா? சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் கழற்றினேன். பிறகு ஜெர்மனியில், பழைய கிடங்கொன்றை வாடகைக்கு எடுத்துக் கோயிலாக்கிய இடத்தில், வெப்பக் குழாய்கள் ஓடும் தகரக் கூரைக்குக் கீழே, குளிரில் மயிர் சிலிர்க்கச் சிலிர்க்கக் கழற்றினேன். அப்படிப்பட்ட நான், தேர்த் திருவிழா அன்று சட்டைக்குள் கைத்துப்பாக்கியோடு போய்க் கோயில் வாசலில் நின்றேன். படித்தவன். ஊரில் பௌதிகம் படிப்பித்தவன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது. அந்த மடத்தனத்துக்காக மட்டும் என்றால் ஒரு அறையோடு விட்டுவிடலாம். அதற்குப் பிறகு நான் செய்த காரியத்துக்கு எத்தனை அறைந்தாலும் போதாது.

துப்பாக்கி என் இடுப்புக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் பிழை மட்டும் இல்லை. மற்றவர்களின் பங்கையும் நான் மறைக்கப் போவதில்லை.

எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, கிழக்கு பெர்லினில் இருந்து மேற்குக்கு மாறி, அங்கிருந்து ரூர் பகுதியில் ஒரு நகரத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். மருத்துவமனை ஒன்றின் சமையலறையில் பானை கழுவத் தொடங்கி, பிறகு நோயாளிகளின் காலை உணவுத் தட்டுகளை அடுக்கும் வேலைக்கு உயர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்தபோது என்னிடம் ஜெர்மன் கடவுச்சீட்டு இருந்தது. வரி கட்டினேன். வாக்குப் போட்டேன். குப்பையை நிறம் பிரித்து அந்தந்தத் தொட்டியில் போட்டேன்.

ஒரு மாரிகால விடியலில், முதல் ட்ராம் வண்டிக்காக நின்றபோது மூன்று இளைஞர்கள் வந்தார்கள். ஒருவன் சிகரெட் கேட்டான். என்னிடம் இல்லை. மற்றவன் என் கம்பளித் தொப்பியைக் கழற்றி அடுத்தவனிடம் எறிந்தான். அவன் திருப்பி எறிந்தான். நான் நடுவில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதே அறுபதை நெருங்கிய வயது. பிறகு என் சாப்பாட்டுப் பையைத் திறந்து துப்பினார்கள். தள்ளினார்கள். விழுந்ததில் முழங்கால் கிழிந்தது. கண்ணாடி எங்கோ போயிற்று. ஊருக்குப் போ என்றார்கள். அவர்களோடு ஒரு நாய் வந்திருந்தது. அந்த நாய் மட்டும்தான் என்னை ஒன்றும் செய்யவில்லை.

பொலிஸில் முறையிட்டேன். எதிரே இருந்த அதிகாரி மிக மரியாதையாகக் கேட்டார்: உங்களுக்கு அவர்களைத் தெரியுமா? பெயர் தெரியாது, முகம் தெரியும் என்றேன். அவர்கள் ஏதாவது சின்னம் அணிந்திருந்தார்களா? இல்லை. குடித்திருந்தார்களா? இருக்கலாம். அவர் முகம் தெளிந்தது. குடித்த பொடியன்களின் சேட்டை என்று அவருக்கு விளங்கிவிட்டது. சில வாரங்களில், குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க முடியாததால் விசாரணை முடிக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதம் வந்த அதே வாரம், அதே ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்து வெதுப்பகத்தில், மூவரில் ஒருவன் எனக்கு முன்னால் வரிசையில் நின்று பாண் வாங்கினான். பொலிஸைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது ஏதாவது செய்கிறானா என்று கேட்டார்கள். பாண் வாங்குகிறான் என்றேன். அப்படியானால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். எனக்கு எழுபது கடந்துவிட்டது. இந்தப் பதிலுக்கான கோபம் மட்டும் கொஞ்சமும் ஆறவில்லை.

அப்போது எங்கள் வீட்டின் சின்ன அறையில், நாங்கள் தம்பி என்று கூப்பிடும் ஊர்ப் பொடியன் ஒருவன் குடியிருந்தான். முப்பது வயதிருக்கும். ஊரில் இராணுவத்தின் தடுப்பில் இருந்து, அடி வாங்கி, தப்பி வந்தவன். இங்கே அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டிருந்தான். முதல் முடிவு மறுப்பு. நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போட்டு, விசாரணை நாளுக்காகக் காத்திருந்தான். அவனுடைய வழக்கில் சாட்சி என்று வேறு எவரும் இல்லை. அவன் சொல்வதை நீதிபதி நம்ப வேண்டும், அவ்வளவுதான் வழக்கு. ஆகையால் அவன் இந்த நாட்டில் சிவப்பு விளக்கில் தெருவைக் கடக்கமாட்டான். ட்ராமில் பயணச்சீட்டை அடிக்கடி சட்டைப் பையில் தொட்டுப் பார்ப்பான். நகர எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டும் என்பது அவனுடைய கடதாசியில் எழுதியிருந்தது. அதனால் எல்லைப் பலகை இருந்த பக்கம் நடக்கவும் மாட்டான்.

நான் அடி வாங்கிய அடுத்த நாளில் இருந்து அவன் என்னோடு ட்ராம் தரிப்பிடம் வரை வரத் தொடங்கினான். இத்தாலிய உணவகம் ஒன்றில் இரவு கோப்பை கழுவிவிட்டு வருபவன். சரியாகப் படுத்திருக்கவும் மாட்டான்.

"நீ போய்ப் படு தம்பி," என்பேன்.

"படுத்தால் என்ன, நித்திரை வரவே போகுது? வாங்கோ அண்ணை."

வண்டி வரும்வரை கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பான். வண்டி கிளம்பியதும் திரும்பிப் போவான். அந்தப் பொடியன்கள் இரண்டொரு தடவை எதிர்ப்பக்கம் தெரிந்தார்கள். இரண்டு பேர் நிற்பதைக் கண்டு கிட்ட வரவில்லை.

எனக்கு அது போதுமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. எங்கள் ஆட்களின் பிறந்தநாள் விழா ஒன்றில், பியர் கையில் வைத்திருந்த ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "என்ன மாஸ்ரர், இப்ப மெய்க்காவலரோடதானாம் வேலைக்குப் போறியள்? அமைச்சர் ஆகிட்டியளோ?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது தீர்மானித்துவிட்டேன்.

இந்த நாட்டில் சாதாரண மனிதன் உண்மைத் துப்பாக்கியை இடுப்பில் வைத்துத் தெருவில் நடக்க முடியாது. ஆனால் வாயுத் துப்பாக்கி என்று ஒன்று உண்டு. குண்டு வராது, கண்ணை எரிக்கும் வாயுவும் பெருஞ் சத்தமும் வரும். பார்வைக்கு அசல் துப்பாக்கிதான். 2003இல் சட்டம் மாறியது. அதன் பிறகு, சின்ன அனுமதி அட்டை ஒன்று எடுத்தால் அதை மறைத்து வைத்துக்கொண்டு நடக்கலாம். அந்த அட்டையைக் கொடுத்தது எது தெரியுமா? அதே பொலிஸ் நிலையம். என்னை அடித்தவர்களைத் தேட நேரமில்லாத கட்டடத்தில், எனக்கு ஆயுதம் காவ அனுமதி கொடுக்க நேரம் இருந்தது. குற்றப் பதிவு இல்லை, நல்ல குடிமகன் என்று சொல்லிப் புன்னகையோடு கையில் தந்தார்கள். பொதுக் கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் கொண்டு போகக் கூடாது என்று ஒரு விதியையும் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

கடை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. வேட்டைக்காரருக்கும் தூண்டில் போடுவோருக்கும் பொருள் விற்கும் கடை. சுவரில் ஒரு காட்டுப்பன்றியின் தலை. கடைக்காரர் எனக்கு எதற்கு என்று கேட்கவில்லை. வீட்டில் வைக்கவா, உடம்பில் வைக்கவா என்றுதான் கேட்டார். உடம்பில் என்றேன். பச்சைத் துணி விரித்து மூன்றை வைத்தார்.

முதலாவது பெரியது, இராணுவத்தார் வைத்திருப்பது போல. இடுப்பில் செருகிப் பார்த்தேன். அதன் பாரத்துக்கு என் கால்சட்டை வழுகியது. இரண்டாவது சுழலும் உருளை வைத்தது. அதில் தோட்டா சிக்கி நிற்காது, கிழவர்களுக்கு நல்லது என்றார். ஆனால் உருளை பக்கவாட்டில் புடைத்து, வயிற்றில் கட்டி வந்தவனைப் போல என்னைக் காட்டியது. மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கியது. தட்டையானது. பிடி கட்டை என்பதால் சின்னவிரலுக்கு இடமில்லை; அது கீழே தொங்கிக்கொண்டு நின்றது. பாரமான பெரியதை வாங்கியவர்கள் ஒரு மாதத்தில் வீட்டு மேசை லாச்சிக்குள் வைத்துவிடுகிறார்கள், தினமும் உடம்பில் வைக்க இந்த அளவுதான் என்றார். ஒரு பக்கத்தில் வட்டத்துக்குள் அரச முத்திரை இருந்ததைக் காட்டினார். முத்திரை இல்லாதது சட்டவிரோதம். காற்று உங்களை நோக்கி வீசினால் சுடாதீர்கள், வாயு உங்கள் முகத்துக்கே வரும். மிகக் கிட்ட வைத்தும் சுடாதீர்கள், காயப்படுத்தும் என்றார். எதிரே நிற்பவனிடம் உண்மையானது இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை," என்று சொல்லிச் சிரித்தார்.

நான் திரும்ப ஒருநாள் அங்கே தோட்டா வாங்கப் போனபோது, தலை மழித்த இரண்டு பேர் அதே பச்சைத் துணிக்கு முன்னால் நின்றார்கள். அவர்களுக்கும் அதே மூன்றை வைத்திருந்தார். அதே சிரிப்புத்தான். எனக்கு அவர்களைக் காட்டிப் பயத்தை விற்றார். அவர்களுக்கு யாரைக் காட்டி விற்றாரோ. அந்த இடத்திலேயே துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் நான் மனிதன். தோட்டாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதை உடம்பில் பொருத்துவதற்கு நான் பட்ட பாட்டை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. முன்வயிற்றில் வைத்தால் குந்தும்போது குத்தியது. முதுகில் வைத்தால் ட்ராம் கதிரையில் சாயும்போது டக்கென்று இடித்தது. கடைசியில் வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், கால்சட்டைக்கு உள்பக்கமாகச் செருகும் தோல் உறை பொருந்தியது. அந்த உறையைத் தாங்கத் தடித்த இடுப்புவார் வேண்டும். பிடியின் முனை சட்டையில் புடைத்துத் தெரியாதிருக்க ஒரு அளவு பெரிய சட்டை வேண்டும். வெற்று நிறத்தைவிடக் கட்டம் போட்ட துணி புடைப்பை நன்றாக மறைத்தது. உள்பெனியன் விரலில் சிக்கியதால் அதை உறைக்குப் பின்னால் செருகப் பழகினேன். குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, இடக் கையால் சட்டையைத் தூக்கி வலக் கையால் உருவிப் பழகினேன். கண்ணாடியில் ஒரு கிழவன் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"என்னப்பா, மெலிஞ்சு போனியளோ?" என்று கேட்டாள் மனைவி. "சேட்டு தொங்குது."

"வசதியாக் கிடக்கு," என்றேன்.

அவளிடம் நெடுநாள் மறைக்க முடியவில்லை. கட்டிலில் கழற்றி வைத்த இடுப்புவாரோடு உறையையும் கண்டுவிட்டாள். கத்தவில்லை. "உது வெடிக்குமோ?" என்று மட்டும் கேட்டாள். சத்தம் மட்டும்தான் என்றேன். "சத்தத்துக்குத்தானே நாங்கள் ஓடி வந்தனாங்கள்," என்று சொல்லிவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விட்டாள்.

தம்பியிடம் நானே காட்டினேன். பெருமையாகத்தான். அவன் கதிரையை விட்டு எழும்பிச் சுவரோரமாகப் போனான்.

"அண்ணை, உந்தச் சாமானை உள்ள வையுங்கோ."

"இது விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தம்பி. அனுமதி இருக்கு."

"உங்களுக்கு இருக்கு. உங்களுக்குப் பக்கத்தில நிக்கிற எனக்கு என்ன இருக்கு? என்ர கேஸ் கிடக்குது அண்ணை. நாளைக்கு ஒருத்தன் மறிச்சுப் பாத்தால் உங்களை வீட்ட அனுப்புவான். என்னை எங்க அனுப்புவான் எண்டு தெரியும்தானே? நீங்கள் உதோட வாறதெண்டால் நான் காலமை வரேல்லை."

"வராட்டி விடு. எனக்கு ஆரும் வேண்டாம்," என்றேன்.

அடுத்த விடியலில் இருந்து தனியாகப் போனேன். அந்தச் சின்ன இரும்புக்காக ஒரு மனிதனை விட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த மாதங்களில் நிமிர்ந்து நடந்தேன். அந்தப் பொடியன்கள் என் முன்னால் வரவே இல்லை. வரவேண்டும் என்று விரும்பினேன். அவர்கள் முகத்தில் பயத்தைப் பார்க்க விரும்பினேன். பாதுகாப்புக்காக வாங்கினேன் என்று நான் எல்லோரிடமும் சொன்னது பாதிப் பொய்.

கோடையில் தேர் வந்தது. கோயில் வேறு நகரத்தில். தம்பிக்கு விசாரணைத் திகதி, இங்கத்தைய சொல்லில் தெர்மின், கிடைத்திருந்தது. தேர் முடிந்து சில வாரங்களில் அவன் நீதிபதி முன் நிற்க வேண்டும். அவன் பெயரில் அர்ச்சனை செய்ய வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாள். அவன் மாட்டேன் என்றான். அனுமதி எடுக்கவில்லை, எல்லை தாண்டக் கூடாது என்றான்.

"திருவிழா நாளில உன்ர கடதாசியை ஆர் தம்பி பாக்கப் போறான்? சாமி கும்பிடப் போறதுக்குமோ அனுமதி?" என்று சொன்னது நான்.

"அக்கா கேக்கிறா எண்டபடியால் வாறன்," என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

தெரிந்தவர் ஒருவரின் காரில் போனோம். என் இடுப்பில் அது இருந்தது. விழாவுக்குக் கொண்டு போகக் கூடாது என்பது நினைவில் இல்லாமல் இல்லை. திரும்பி வரும்போது இருட்டிவிடும், வழியில் எவனாவது வந்தால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் கட்டிக் கட்டி, அது இல்லாமல் இடுப்பு வெறுமையாக இருப்பது போல் ஆகியிருந்தது. வேட்டிக்கு மேல் தடித்த வார் கட்டினேன். எங்கள் வயதில் பலர் கட்டுவதுதான். யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

வாசலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கார்க்காரர் எங்களை இறக்கிவிட்டு, நிறுத்த இடம் தேடி எங்கோ போய்விட்டார். மண்டபத்தின் பக்கச் சுவரில் வரிசையாகக் கொளுக்கிகள். அவற்றில் ஆண்களின் சட்டைகள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, உறையோடு சேர்த்துத் துப்பாக்கியைச் சட்டைக்குள் சுருட்டினேன். எங்கே மாட்டலாம் என்று பார்த்தேன். ஒரு கொளுக்கியில் தம்பியின் மழைக்கோட்டுத் தொங்கியது. நீளமான கோட்டு. அதற்கு அடியில் மாட்டினால் தெரியாது. அவனுடைய கோட்டைத் தூக்கி, என் சட்டையை மாட்டி, கோட்டால் மூடினேன். என் கையால் செய்தேன். அவசரத்தில் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கோட்டின் மடிப்பைச் சரிசெய்யக்கூட நேரம் இருந்தது.

பூசை முடிந்து சுவாமியைத் தேருக்குக் கொண்டுவர, அந்தப் பக்கமாகத்தான் வழி. தோளில் காவுபவர்களுக்கு இடம் போதவில்லை. தொண்டர் ஒருவர் வழியை அகலமாக்கச் சுவரில் கிடந்த உடுப்புகளை அள்ளினார். கோட்டோடு என் சட்டையும் வந்தது. சட்டை அவிழ்ந்து, உள்ளே இருந்தது விழுந்து, ஓட்டுத் தரையில் சறுக்கிக்கொண்டு போய்த் தேங்காய்ச் சாக்கில் முட்டி நின்றது.

"துவக்கு!" என்று ஒரு பெண் குரல்.

மேளம் நின்றது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சனம் பின்வாங்கியது. வன்னிப் பக்கத்தில் இருந்து புதிதாக வந்த ஒரு பெண், பட்டுச் சேலையோடு, சத்தமில்லாமல் தரையில் குப்புறப் படுத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. உடம்பு தானாகப் படுத்தது. ஒரு ட்ராம் தரிப்பிடத்துக்காக நான் வாங்கிய பொருள் அவளை அங்கே படுக்க வைத்தது.

தேர் போகும் தெருவில் வாகனங்களை மறிக்க நின்ற பொலிஸ்காரரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் வாசற்படியில் நின்று தன் சப்பாத்தைப் பார்த்தார். "பரவாயில்லை, வாங்கோ வாங்கோ," என்று நிர்வாகத்தில் ஒருவர் தமிழிலேயே சொன்னார். அவர் சப்பாத்தோடு உள்ளே வந்தார். இந்தக் கோட்டு யாருடையது என்று கேட்டார்.

"என்ர," என்று தம்பி முன்னுக்கு வந்தான்.

கோட்டுப் பையில் அவனுடைய கடதாசி இருந்தது. பொலிஸ்காரர் விரித்துப் படித்தார். இந்த நகரத்தில் உமக்கு என்ன வேலை என்றார். சாமி கும்பிட வந்தேன் என்றான். ஆயுதம் உம்முடையதா? இல்லை. யாருடையது? தம்பி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். பிறகு பொலிஸ்காரரைப் பார்த்து, "தெரியாது," என்றான்.

அந்தச் சொல்லை அவன் ஏன் சொன்னான் என்று எனக்குத் தெரியும். எங்களுடைய ஆட்களிடையே ஒருவனைக் காட்டிக்கொடுப்பதைவிடக் கேவலம் வேறில்லை. விரலை நீட்டி இன்னொருவனைக் காட்டியதால் எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்பதை அவன் தடுப்பில் இருந்து பார்த்தவன். அவன் விரலை நீட்டமாட்டான். நானாகச் சொல்லட்டும் என்று விட்டான். என்னை நம்பினான்.

பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று எழுதினால் அது பொய். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் யோசித்தேன். விழாவுக்குக் கொண்டு வந்தது குற்றம், அட்டை போகும், வழக்கு வரும், வேலையிடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும், மாஸ்ரர் துவக்கோடு திரிந்தவர் என்று இந்தச் சனம் சிரிக்கும். எனக்குப் போகக்கூடியது இவ்வளவும்தான். நாடு போகாது, என் கடவுச்சீட்டைப் பறிக்க யாராலும் முடியாது. அவனுக்கு என்ன போகும் என்பதும் அதே நேரத்தில் எனக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் திருநீற்றோடு, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சனத்தின் வாய் மூடவில்லை.

"உவன் இயக்கத்தில இருந்தவனாம்."

"எனக்கு உவனைப் பாத்தவுடன விளங்கினது. கதைக்கவே மாட்டான்."

"இவங்களாலதான் கோயிலைப் பூட்டப் போறாங்கள், இருந்து பாருங்கோ."

அவனைத் தெரியாதவர்கள் இதைச் சொன்னார்கள். அகதியாக வந்தவர்கள், இன்னொரு அகதியைப் பற்றி, கோயிலுக்குள் நின்று சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று தெரியவில்லை.

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். துப்பாக்கியையும் என் சட்டையையும் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். தேர் நிற்கக் கூடாது என்று நிர்வாகம் முடிவு செய்தது. மேளம் மறுபடி தொடங்கியது. "அண்ணை, ஏன் நிக்கிறியள்? வாங்கோ, வடத்தில பிடியுங்கோ," என்று யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார். நான் போனேன். வடத்தைப் பிடித்தேன். எல்லோரோடும் அரோகரா சொன்னேன்.

தேர் இருப்பிடத்துக்கு வந்ததும் ஆண்கள் எல்லோரும் சட்டையை மாட்டினார்கள். நான் மட்டும் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். மனைவி பெண்கள் பக்கத்தில் இருந்து வந்தாள். அவள் நெரிசலில் பின்னால் நின்றவள். தம்பியைக் கொண்டு போனார்கள் என்று மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தாள்.

"உங்கட சேட்டு எங்கயப்பா?"

நான் தோளில் சால்வையை இழுத்துவிட்டேன். அவள் கொளுக்கிகளைப் பார்த்தாள். எல்லாம் வெறுமையாக இருந்தன.

"அது உங்கட சாமானோ?" அவள் குரல் உயரவில்லை. "அவனைக் கொண்டு போகேக்க பாத்துக்கொண்டோ நிண்டனீங்கள்? பாத்துப்போட்டு வந்து தேர் இழுத்தனீங்களோ?"

என் முழங்கையைப் பிடித்தாள். "நடவுங்கோ. இப்ப."

வேட்டியும் சால்வையுமாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். என் சட்டை அங்கே மேசையில் இருந்தது. அது என்னுடையது என்று சொன்னேன். அனுமதி அட்டையைக் காட்டினேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்கு நடந்தது இவ்வளவுதான்: துப்பாக்கியைப் பறித்தார்கள், அட்டையை இரத்துச் செய்தார்கள், நீதிமன்றம் அபராதம் விதித்தது. வேலை போகவில்லை. தம்பியை நான் போவதற்கு முன்பே விட்டிருந்தார்கள். ஆனால் எல்லை தாண்டினான் என்றும் ஆயுதம் பற்றி விசாரித்தபோது உண்மை சொல்லவில்லை என்றும் எழுதியது அவனுடைய கோப்புக்குப் போய்விட்டது.

விசாரணை நாளில் நீதிமன்றத்தின் பின்வரிசையில் இருந்தேன். துப்பாக்கி என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை வழக்கறிஞர் சேர்த்திருந்தார். நீதிபதி அதைப் படித்திருந்தார். அதை வைத்துத்தான் கேட்டார்: அது யாருடையது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது, இல்லையா? ஓம் என்றான். ஆனால் தெரியாது என்று சொன்னீர்கள். ஓம். அப்படியானால் நீங்கள் தடுப்பில் இருந்ததாகச் சொல்வதை மட்டும் நான் ஏன் நம்ப வேண்டும்?

நான் எழும்பினேன். பேச வாய் திறந்தேன். உட்காருங்கள், இது உங்கள் வழக்கு அல்ல என்றார். இது என் வழக்கு அல்லவாம்! என் துப்பாக்கி, என் சட்டை, என் பயம், என் பொய். தண்டனை மட்டும் அவனுக்கு. ஒருவனைக் காட்டிக்கொடுக்காதவனைப் பொய்யன் என்று அந்தச் சட்டம் எழுதியது. என்னைப் பற்றி எங்கும் அப்படி எழுதவில்லை.

மறுத்துவிட்டார்கள். அவனை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்புவதற்கு முன் அவன் எங்கள் வீட்டை விட்டுப் போனான். எந்த நாட்டுக்கு என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவன் அதுவரை என்னிடம் ஒரு சொல் கோபமாகப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினான்.

"நீங்கள் வாய் திறக்கேல்லை. சரி. பயம் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஆனால் அண்ணை, என்னைப் பொலிஸ் கார் உடன கொண்டு போகேல்லை. தேர் கடந்து போகட்டும் எண்டு ரோட்டுக் கரையில நிப்பாட்டி வச்சிருந்தவங்கள். நான் கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டு இருந்தனான். இப்ப வருவார், இப்ப வந்து சொல்லுவார் எண்டு." பையின் வாயை இழுத்துக் கட்டினான். "வந்தனீங்கள். வடத்தைப் பிடிச்சுக்கொண்டு, என்ர காரைக் கடந்து போனீங்கள்."

மனைவி ரயில் நிலையம்வரை அவனோடு போனாள். என்னை வரவேண்டாம் என்றாள்.

அந்தக் கோயிலுக்கு இன்னும் போகிறேன். தேர் அன்று சட்டையைக் கழற்றிக் கொளுக்கியில் மாட்டிவிட்டு, கூட்டத்தின் ஓரமாக நிற்பேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கூப்பிடுவார்: "மாஸ்ரர், வாங்கோ, ஒருக்காப் பிடியுங்கோ." ஏலாது, தோள் நோகுது என்று சொல்வேன். வயதான மனுசன் என்று இரக்கப்பட்டுக் கதிரை கொண்டு வந்து தருவார்கள்.

என் தோளுக்கு ஒன்றுமில்லை.